ஒரு படகு விளக்கும் பதினாறு மீட்டர் வயரும்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. மகனுக்கு பைபர் படகு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். "சார், கூடுதலா நாலு லைட்டு போடணும்னு பையன் சொல்றான். வயர எந்தப் பக்கமா இழுக்கறதுன்னு ஒரே குழப்பம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு பார்த்தேன்" என்றான்.

வரலாற்று வாத்தியாரிடம் போய் வயரிங் கேட்கிறானே என்று சிரிக்காதீர்கள். அவன் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நான் முப்பது வருடமாக முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூட பாதிதான் தெரியும்.

கள்ளக்குறிச்சி பக்கத்து ஆள் பரங்கிப்பேட்டைக்கு எப்படி வேலைக்குப் போனான் என்று இளைய தலைமுறைக்குச் சந்தேகம் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த 1986-இல் வடக்கனந்தலும் பரங்கிப்பேட்டையும் ஒரே மாவட்டம். தென்னாற்காடு. கல்வராயன் மலையில் மழை பெய்தாலும் கடலூரில் புயல் அடித்தாலும் ஒரே கலெக்டர்தான் ஓடவேண்டும். 1993 செப்டம்பர் 30-இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது. நாம் விழுப்புரத்தோடு போனோம். பிறகு 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆனதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. நம் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு சேர்ந்து, விருத்தாசலம் தாண்டி, வெள்ளாற்றில் கலந்து, கடைசியில் பரங்கிப்பேட்டையில்தான் கடலுக்குப் போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்றுகொண்டு, இது நம் ஊர்த் தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. வீட்டு நினைப்பு வந்தவனுக்கு அதுவும் ஓர் ஆறுதல்.

பரங்கிப்பேட்டையின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் இந்தப் பதிவு முடியாது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய இடம் அது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவை நம்பி ஆலை தொடங்கிய இடமும் அதுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கிறது. இரும்பாலைக் கதையைத் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கு விளக்கு மட்டும்.

நான் போன புதிதில் அன்னங்கோயில் கரையில் சாயங்காலம் போய் உட்காருவேன். கட்டுமரமும் வள்ளமும் தொழிலுக்குப் புறப்படும். சில படகுகளில் அரிக்கேன் விளக்கு இருக்கும். பலவற்றில் ஒன்றும் இருக்காது. இருட்டில் போய் இருட்டில் வருவார்கள். நட்சத்திரம், காற்று வீசும் திசை, தண்ணீரின் நிறம், கரையில் தெரியும் வெளிச்சம், இவைதான் வழிகாட்டி. அவர்களுக்கு வழி தெரிவதற்கு விளக்கு தேவைப்படவில்லை. தாங்கள் இருப்பது அடுத்தவனுக்குத் தெரிவதற்குத்தான் விளக்கு. இந்த வித்தியாசம் மலையடிவாரத்தில் பிறந்த எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. நம் ஊரில் இருட்டில் நடப்பவன் பாம்பை மிதிக்காமலிருக்க விளக்குப் பிடிக்கிறான். கடலில் தன்னை யாரும் மிதிக்காமலிருக்கப் பிடிக்கிறான்.

காற்றுக்கு அணையாது என்பதால்தான் அதற்குப் புயலின் பெயரே வைத்தார்கள், ஹரிகேன் என்று. நாம் அரிக்கேன் ஆக்கிக்கொண்டோம். பெட்ரோமாக்ஸ் வந்தது 1910-இல், பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் கைவண்ணம். பெட்ரோலியத்தில் பாதி, அவர் பெயரில் பாதி, சேர்த்தால் பெட்ரோமாக்ஸ். நம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து போவார்களே, அதே விளக்கு. வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் அதன் உயிர் மேண்டிலில் இருக்கிறது. ஒரு தடவை எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் கூடுதான், தொட்டால் உதிர்ந்துவிடும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் அதை வைத்துத்தான் ஊரையே சிரிக்கவைத்தார்கள். கரையில் சிரிக்கலாம். நடுக்கடலில் ஓர் அலை அடித்து மேண்டில் உதிர்ந்தால் சிரிப்பு வராது.

சரி, மின்விளக்கு கடலுக்கு எப்போது போனது? இங்கேதான் எனக்குப் பிடித்த கதை ஒன்று வருகிறது. எடிசன் 1879-இல் மின்பல்பை எரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே, 1880-இல், 'கொலம்பியா' என்ற அமெரிக்க நீராவிக் கப்பலில் அந்த பல்புகளைப் போட்டார்கள். எடிசனின் மின்சாரம் நகரங்களுக்குப் போவதற்கு முன்பே கப்பலுக்குப் போய்விட்டது! கப்பலைக் கட்டிய ஜான் ரோச் என்பவருக்கு இதில் விருப்பமே இல்லை. மரத்துக்குள் மின்கம்பி இழுத்தால் கப்பல் தீப்பிடிக்கும் என்று பயந்தார். அதனால் கட்டும் இடத்தில் வேலை நடக்கவில்லை. நியூயார்க்குக்குக் கொண்டுவந்த பிறகு எடிசனின் ஆட்கள்தான் வயரிங் செய்தார்கள். பயணிகளுக்கு ஸ்விட்சைத் தொட அனுமதி கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் வெளியே பூட்டிய மரப்பெட்டிக்குள் ஸ்விட்ச் இருக்கும். விளக்கை அணைக்க வேண்டுமென்றால் பணியாளைக் கூப்பிட வேண்டும். தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போன அந்த முதல் பயணத்தில் தீயும் பிடிக்கவில்லை, விளக்கும் கைவிடவில்லை.

அந்தக் கப்பலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1907 ஜூலையில், கலிபோர்னியா கரைக்கு அப்பால், ராத்திரிப் பனிமூட்டத்தில் மரம் ஏற்றி வந்த இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 88 பேர் இறந்தார்கள். உலகத்தில் முதன்முதலாக எடிசன் விளக்கேற்றிய கப்பல், எதிரே வந்ததைப் பார்க்காமல் போனது.

பிரிட்டிஷ் கடற்படை இன்னொரு பாடம் படித்தது. 'இன்பிளெக்சிபிள்' என்ற போர்க்கப்பலில் உயர் அழுத்த மின்சாரத்தில் விளக்குப் போட்டார்கள். 1882-இல் ஒரு மாலுமி மின்சாரம் தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு 80 வோல்ட்டுக்கு இறங்கி வந்தார்கள். ஈரத்தில் நிற்பவனுக்குக் குறைந்த வோல்ட்தான் பாதுகாப்பு. இன்று சிறு படகுகளில் 12 வோல்ட் பாட்டரி வைக்கிறார்களே, அது நல்லதுதான். ஆனால் அந்த 12 என்ற எண்தான் எங்களைக் கவிழ்த்தது.

எங்களை என்றால் என்னையும் என் சித்தப்பா மகனையும். அவன் கச்சிராயபாளையத்தில் வீட்டு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தான். மரச்சட்டம் அடித்து, கிளிப் போட்டு, அதன்மேல் வயரை இழுத்து, நூல் பிடித்த மாதிரி வேலை செய்வான். சுற்று வட்டாரத்தில் நல்ல பெயர். 1994 மே மாத லீவில் என்னைப் பார்க்கப் பரங்கிப்பேட்டைக்கு வந்தான். அப்போது இந்த மாணவனின் அப்பா புதிதாக ஒரு மர வள்ளத்துக்கு டீசல் இன்ஜின் போட்டிருந்தார். "வாத்தியாரே, உங்க தம்பி கரண்டு வேலை செய்யறவராமே. நம்ம வள்ளத்துக்கு ஒரு லைட்டு போட்டுத் தரச் சொல்லுங்களேன்" என்றார். நான்தான் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். என் மாணவன் வீட்டுக்கு ஓர் உதவி செய்த பெருமை வேறு.

கடையில் சார்ஜ் செய்த கார் பாட்டரி ஒன்று அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்பக்கம். முன்பக்கம் அணியத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் 60 வாட் கார் ஹெட்லைட் பல்பு. இடையில் எட்டு மீட்டர். தம்பி கொண்டுவந்திருந்தது காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிசு வயர். "12 வோல்ட்தானே அண்ணே, தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. இதுக்கு எதுக்குத் தடி வயரு" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. 230 வோல்ட்டுக்குத் தடிமனான வயர், 12 வோல்ட்டுக்கு மெல்லிய வயர். அப்படித்தானே தோன்றும்?

வயர் பார்வைக்கு அசிங்கமாக இருக்கக்கூடாது என்று, காலடிப் பலகைக்குக் கீழே, வள்ளத்தின் அடிவயிறு வழியாக இழுத்தான். வீட்டில் மச்சுக்கு மேலே மறைக்கிற மாதிரி. பாதி தூரத்தில் வயர் பற்றவில்லை. இன்னொரு துண்டை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். அன்று சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டோம். அணியத்தில் விளக்கு எரிந்தது. கரையில் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மீன் குழம்போடு சாப்பாடு.

மூன்று மாதம் எரிந்தது.

ஆவணியில் ஒரு ராத்திரி, கரையிலிருந்து இரண்டு மைலுக்குள்தான், வலை விட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். விளக்கு மங்கியது. பாட்டரி இறங்குகிறது என்று நினைத்தார்கள். பிறகு அணைந்தேவிட்டது. அரிக்கேன் விளக்கை எடுத்துப் போகவில்லை. அதுதான் கரண்டு லைட்டு வந்துவிட்டதே, அது எதற்கு என்று வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். டார்ச் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு விசைப்படகு வந்தது. சத்தம் கேட்டிருக்கிறது, கத்தியிருக்கிறார்கள், அந்த இன்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வள்ளத்தின் ஓரத்தில் இடித்துவிட்டுப் போய்விட்டது. இடித்தது அவர்களுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ.

அப்பா தண்ணீரில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஒரு கையால் வலை மிதவையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்திருக்கிறார். கூட இருந்த இரண்டு பேரும் வள்ளத்திலேயே தப்பித்தார்கள். காலையில் வேறொரு படகு மூவரையும் ஏற்றிவந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழவில்லை. வலை இழுக்கும் தொழில் அவருக்கு அன்றோடு முடிந்தது.

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இலேயே வந்துவிட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது, அது நாட்டுப்படகுகளுக்கான இடம் என்பது அன்றைய சட்டம். ஆக, குற்றம் அந்தப் படகின் மேல் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, தம்பியை வரவழைத்து வள்ளத்தின் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். வெளியே டேப் நன்றாகத்தான் இருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. ஜாயின்டிலிருந்து இரண்டு பக்கமும் வயரை வெட்டி வெட்டிப் பார்த்தான். ஒரு முழம் தாண்டியும் உள்ளே கறுத்திருந்தது. உப்புத் தண்ணீர் மெல்லிய கம்பி இழைகளுக்கு நடுவே, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறியிருக்கிறது. தம்பி ஒன்றும் பேசவில்லை. வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். அவன் இப்போது இல்லை. இருக்கும்வரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்: "வெளக்கு இல்லாமலும் நாங்க போயிருக்கோம் வாத்தியாரே. வெளக்கு இருக்குன்னு நம்பிப் போனதுதான் தப்பு." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. விளக்கு ஏன் அணைந்தது என்று ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். 60 வாட் பல்பு வீட்டில் 230 வோல்ட்டில் எரியும்போது கால் ஆம்பியர்தான் இழுக்கிறது. அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. ஏறக்குறைய 20 மடங்கு. வோல்ட் குறைந்தால் வயர் தடிக்க வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறோம். மின்சாரம் போக எட்டு மீட்டர், திரும்பி வர எட்டு மீட்டர், மொத்தம் பதினாறு மீட்டர் மெல்லிய வயர். கணக்குப் போட்டால் 12 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் வழியிலேயே செத்துப்போகிறது. போனால் போகிறது என்று விடவும் முடியாது. இழை பல்புக்கு ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆக, பிள்ளைகள் கைதட்டிய அந்த முதல் நாளே விளக்கு அரை உயிரோடுதான் எரிந்திருக்கிறது. எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு விளக்கு இல்லை, அவ்வளவுதான்.

செம்பு பச்சையாவது பற்றி ஒரு வார்த்தை. இது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன! பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அதற்குத்தான் தெருவில் ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து உட்காருவார். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்து, துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். கப்பலுக்கும் படகுக்கும் என்று விற்கும் நல்ல வயரில் செய்திருப்பதும் அதே வேலைதான். ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் செம்பு நிறம் தெரியாது, வெள்ளையாக இருக்கும். என் சின்ன வயதில் கண்ணெதிரே நடந்த விஷயம் இது. வள்ளத்தில் வயர் இழுக்கும்போது நினைவுக்கு வரவில்லை பாருங்கள்.

இப்போது இந்த மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் நான் கேட்டது, "கூடுதல் லைட்டுன்னா எதுக்குடா?" என்றுதான். காரணம் உண்டு. தண்ணீருக்கு மேலே பெரிய எல்.இ.டி. விளக்குகளை எரித்து மீனைக் கூட்டமாக ஈர்த்துப் பிடிப்பதை 2017 நவம்பர் 10-இல் மத்திய அரசு தடை செய்தது. குஞ்சு மீனோடு சேர்த்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது என்று சிறுதொழில் மீனவர்களே போராடிய விஷயம் அது. "ஐயோ சார், அது இல்ல. ஒண்ணு வலை பாக்க, ஒண்ணு இன்ஜின்கிட்ட, மத்த ரெண்டும் பச்சை சிவப்பு" என்றான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பச்சை சிவப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1848-இல் பிரிட்டன் தன் நீராவிக் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உச்சியில் வெள்ளை. எதிரே வருகிறவன் எந்த நிறத்தைப் பார்க்கிறானோ அதைவைத்து நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று தெரிந்துகொள்வான். இன்று உலகம் முழுவதும் நடப்பில் இருக்கும் 1972-ஆம் ஆண்டு விதிகள் 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்தன. அதில் சின்னப் படகுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மீட்டருக்குக் குறைவாகவும் ஏழு நாட் வேகத்துக்கு மேல் போகாததாகவும் இருந்தால், சுற்றிலும் தெரியும் ஒரே ஒரு வெள்ளை விளக்கு போதும். துடுப்புப் படகு என்றால் கையில் தயாராக ஒரு டார்ச்சோ லாந்தரோ இருந்தால்கூடப் போதும், மோதல் வராதபடி நேரத்தோடு காட்டவேண்டும். உலக நாடுகளெல்லாம் கூடிப் போட்ட விதியில், ஆணியில் மாட்டிய அந்த அரிக்கேனுக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது.

வயர் போகும் பாதையைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களில் யாராவது ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ உறவு வைத்திருந்தால் பயன்படட்டும்.

தண்ணீர் எங்கே தேங்குமோ அந்த இடத்துக்கு வயர் போகவே கூடாது. படகின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப் போட்டு இழுக்க வேண்டும். தொங்கினால் அலைக்கு அலை ஆடும், ஆடினால் அறுந்துபோகும். பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டால் இன்னும் நல்லது, ஆனால் பைப்பின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை வேண்டும். இல்லையென்றால் பைப்பே தண்ணீர்க் குழாய் ஆகிவிடும். விளக்குக்குள் நுழைவதற்கு முன் வயரை ஒரு வளைவு கீழே இறக்கி மேலே ஏற்ற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டுக் கூரையில் சர்வீஸ் வயரை லைன்மேன் அப்படித்தான் வளைத்துவிடுவார், கவனித்துப் பாருங்கள். இன்ஜின் சூட்டுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் பக்கத்தில் விடக்கூடாது. பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், அந்த ஓட்டையின் விளிம்பே கத்தியாகிவிடும்.

பைபர் படகில் இன்னொரு ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுவதும் இந்தப் படகுகள்தான். பல படகுகளில் மூழ்காமலிருக்க மூடிய அறைகளில் நுரைக்கட்டியை அடைத்திருப்பார்கள். வயருக்கு வழி வேண்டுமென்று அந்த அறையில் துளை போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தண்ணீர் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மூழ்காமல் காக்க வேண்டியதே பாரமாகிவிடும். அதனால் துளையே வேண்டாம், மேலோடு மேலாகச் சுற்றிப் போ என்றேன். இரண்டு மீட்டர் வயர் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை. நடுவில் ஒட்டுப்போடாமல் முழு நீளத்துக்கு ஒரே வயர்.

பியூஸ் எங்கே என்று கேட்டேன். விளக்குக்குப் பக்கத்தில் என்றான். அது தவறு. பியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்கவேண்டும். அதைத் தாண்டி எங்கே வயர் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டினாலும் பியூஸ் போய்விடும், படகு பிழைக்கும். ஜான் ரோச் பயந்த தீ பாட்டரிப் படகிலும் வரும். பல்பை எரிக்க 5 ஆம்பியர் கொடுக்கும் கார் பாட்டரி, இரு முனையும் ஒட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும்.

கடைசியாக, திசைகாட்டி. பையன் போனில் திசை பார்ப்பானாம், ஆனாலும் தாத்தா வைத்திருந்த காம்பஸ் ஒன்று படகில் இருக்கிறதாம். எனக்கு உடனே ஆர்ஸ்டெட் நினைவுக்கு வந்தார். டென்மார்க் பேராசிரியர். 1820-இல் மாணவர்களுக்கு முன்னால் ஒரு கம்பியில் மின்சாரத்தை விட்டபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி அசைந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்ததே அப்படித்தான். ஒரு வாத்தியார் வகுப்பறையில் கண்டுபிடித்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊசி அசைந்ததுபோல்தான், காம்பஸ் பக்கத்தில் விளக்கு வயர் தனித்தனியாகப் போனால் ஊசி திசை மாறும். விளக்கைப் போட்டால் ஒரு வடக்கு, அணைத்தால் இன்னொரு வடக்கு! போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுத்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும்.

எல்.இ.டி. வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது என்பது உண்மை. நீல எல்.இ.டி.க்காக மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலம் இல்லாமல் இந்த வெள்ளை வெளிச்சம் இல்லை. அன்று 60 வாட் பல்பு கொடுத்த வெளிச்சத்தை இன்று 10 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துவிடலாம். ஒரு ஆம்பியர்கூடப் போகாது. ஆனாலும் ஒன்றரை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்து வயர் வாங்காதே, ஈயம் பூசியது கேட்டு வாங்கு என்று சொன்னேன். விலை கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள். மலிவான எல்.இ.டி. விளக்கு வயர்லெஸ் கருவியில் இரைச்சலைக் கிளப்பும் என்று 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது. அதனால் விளக்கைப் போட்டும் அணைத்தும் வயர்லெஸ்ஸைக் கேட்டுப் பார் என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதெல்லாம் அப்பாவுக்கு அப்புறம் கத்துக்கிட்டீங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க பலகையைத் தூக்கிப் பார்த்தப்ப நான் வள்ளத்துக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்" என்றான். பதினான்கு வயதுப் பையன். அதற்குப் பிறகும் ஒரு வருடம் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அக்பரையும் அசோகரையும் படித்திருக்கிறான். ஒரு நாளும் முகத்தில் காட்டவில்லை.

அவனிடம் சொல்லவேண்டியதை அன்று போனில் சொன்னேன். அவன் அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறான். விளிம்புக்குக் கீழே வெள்ளைப் பைப், அளந்து வைத்த மாதிரி கிளாம்ப். பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் பெட்டி. கம்பத்தடியில் வயர் அழகாக ஒரு வளைவு வளைந்து ஏறுகிறது. ஒரே ஒரு பிழை. பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றி மாட்டியிருந்தான். போன் செய்து திட்டினேன். "கரையிலேர்ந்து படகைப் பார்த்து மாட்டிட்டேன் சார்" என்று சிரித்தான். இன்று காலை மாற்றிவிட்டதாக வேறு படம் வந்தது. அதில் அமரத்துப் பலகைக்குப் பக்கத்தில், கண்ணாடியைத் துடைத்து எண்ணெய் ஊற்றிய பழைய அரிக்கேன் ஒன்றும் கட்டியிருக்கிறது.

அவனுடைய அனுமதியோடு இரண்டு படங்களையும் கீழே போட்டிருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் என்னிடம் படித்தவர்கள் கமெண்டில் எட்டிப்பாருங்கள். கரியாலூர்ப் படகுக் குழாமில் பிள்ளைகளோடு எடுத்த படத்தை அனுப்பியவர்களுக்கும் நன்றி. இரும்பாலைக் கதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை.